ஐரிஷ் பெயர்களின் 'ஓ'வை எல்லிஸ் தீவு வெட்டவில்லை

"ஓ'சல்லிவன் சல்லிவன் ஆனது நியூயார்க்கின் எல்லிஸ் தீவு அதிகாரிகளால்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

அந்தக் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1-இல். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து வந்த பெரும்பஞ்சத்துக்குத் தப்பி ஐரிஷ் மக்கள் அமெரிக்காவுக்குக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறியது 1840-களில். தீவின் அதிகாரிகள் புதுப்பெயர் சூட்டவும் இல்லை. கப்பல் நிறுவனம் எழுதித் தந்த பயணிகள் பட்டியலை வைத்தே விசாரித்தார்கள்.

வழித்தோன்றலைக் குறிக்கும் 'ஓ', மகனைக் குறிக்கும் 'மேக்' இரண்டும் ஆங்கிலேய ஆட்சியின் அழுத்தத்தில் அயர்லாந்திலேயே பல குடும்பங்களிடமிருந்து உதிர்ந்தவை. அந்தச் செய்தி இந்த வரலாற்றை மறைப்பதுதான் வருத்தம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் மீட்கும் இயக்கமான கேலிக் மறுமலர்ச்சியோடு பலர் அவற்றை மீட்டுக்கொண்டார்கள்.

அயர்லாந்திலேயே பெயர்கள் எப்படி எழுதப்பட்டன என்று அறிய, 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.