ரிப்போர்ட் நார்மல், ஆனால் வலிக்கிறது

மகளிர் நல மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு ரொம்ப நாளாகவே ஓர் ஆதங்கம் உண்டு. அறைக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் உட்காருவதற்கு முன்பே ஸ்கேன் ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிடுகிறார்கள். "டாக்டர், கர்ப்பப்பையில கட்டி இருக்காம்." "ரெண்டு பக்கமும் நீர்க்கட்டியாம்." சரி, உங்களுக்கு என்ன தொந்தரவு என்று கேட்டால் அவர்களுக்கே குழப்பம். "தொந்தரவுன்னு ஒண்ணும் இல்ல... ஆனா ரிப்போர்ட்ல போட்டிருக்கே?" இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம். மாதாமாதம் வலியில் சுருண்டு படுக்கிற பெண், ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டதாலேயே அந்த வலியைச் சொல்லக் கூச்சப்படுகிறார்.

காகிதத்தில் தெரிவதற்கு வேண்டாத பயம், உடம்பு படுகிற பாட்டுக்கு வேண்டாத பொறுமை. மகளிர் நல மருத்துவத்தில் நடக்கிற பாதித் தவறுக்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. நோயாளிகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேன் எழுதிக் கொடுப்பது எங்களுக்குச் சுலபம். உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்பதுதான் கஷ்டம்.

முதலில் அதிக ரத்தப்போக்கு. "எனக்கு எப்பவுமே இப்படித்தான் டாக்டர்" என்ற ஒரே வரியில் எத்தனை வருட அவதி ஒளிந்திருக்கிறது தெரியுமா? மாதவிடாய் 24 நாளிலிருந்து 38 நாளுக்குள் ஒருமுறை வருவதும், எட்டு நாளுக்குள் நிற்பதும் இயல்பு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறது, கட்டிகட்டியாகப் போகிறது, பேட் மாற்றவே இரவில் எழ வேண்டியிருக்கிறது, கறை பயத்தில் வெளியே போவதைத் தவிர்க்கிறார் என்றால் அது இயல்பு இல்லை. முன்பெல்லாம் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால்தான் அதிகம் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து யார் அளப்பது? இப்போது கேள்வி மாறிவிட்டது. ரத்தப்போக்கு உங்கள் அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிறதா? கெடுக்கிறது என்றால் அதிகம்தான், சிகிச்சை தரலாம்.

இப்படி வருகிறவர்களின் ஹீமோகுளோபினைப் பார்த்தால் பல நேரம் திக்கென்று இருக்கும். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருவது எல்லாவற்றுக்கும் வயது, வேலைச் சுமை என்று ஒரு காரணம் தயாராக வைத்திருப்பார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம், அதனால் அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பேன். ஆனால் இரும்பு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினால் வேலை முடியாது. ரத்தம் போகிற வழியை அடைக்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது, கத்தி எடுக்காமலே. போக்கு அதிகமாக இருக்கிற நாட்களில் மட்டும் சாப்பிடுகிற டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை ஒன்று. (இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும். 1962இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் பெண்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்பது உடாகோவின் ஆசை. அதற்கு அது உதவுகிறது என்று பெரிய ஆய்வில் உறுதியானது 2017இல். அதற்கு முந்தைய வருடம்தான் அவர் இறந்துபோயிருந்தார்.) ரத்தநாளத்துக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் பிரச்சினை ஏற்கெனவே இருந்தவர்களுக்கு இந்த மாத்திரை ஒத்துவராது, அதைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, ஹார்மோன் சுரக்கும் 'காயில்' (coil) என்ற சின்னக் கருவி. கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டால் உள்சவ்வு மெலிந்து போக்கு வெகுவாகக் குறையும். ஆனால் முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் மாதமே வந்து "எடுத்துடுங்க" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

அடுத்து ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பையில் வளரும் தசைக்கட்டி. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்குச் சின்னதாகவாவது ஒன்று வந்துவிடுகிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கர்ப்பப்பைக் குழிக்குள் துருத்திக்கொண்டிருந்தால் சின்னதே ரத்தமாகக் கொட்டவைக்கும். வெளிப்பக்கமாக வளர்ந்தது அதைவிடப் பெரிதாக இருந்தும் ஒரு தொந்தரவும் தராமல் கிடக்கும். புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம். மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். தொந்தரவு தராத கட்டிக்கு ஆபரேஷன் எதற்கு?

"கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டர், இனிமே அது எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. மாத்திரையும் காயிலும் பலன் தராமல், கட்டியை மட்டும் எடுக்க முடியாமல், ரத்தநாளத்தை அடைக்கிற எம்போலைசேஷனும் ஒத்துவராமல் போய், எல்லாம் தெரிந்து அந்தப் பெண்ணே முடிவெடுத்தால் அது நல்ல சிகிச்சைதான். பலர் அதற்குப் பிறகு நிம்மதியாக இருக்கிறார்கள். என் கோபம் வேறு இடத்தில். அதோடு சேர்த்துச் சினைப்பைகளையும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று எடுத்துவிடுவதில். நாற்பது வயதில் நல்ல சினைப்பைகளை எடுத்தால் ஒரே நாளில் மெனோபாஸ். உடம்பு திகுதிகுவென்று எரிவது மட்டுமல்ல, எலும்புக்கும் இதயத்துக்கும் அது நல்லதல்ல. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் "சினைப்பையை விட்டுவைப்பீங்களா, எடுப்பீங்களா, ஏன்?" என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிற டாக்டர் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

நீர்க்கட்டி என்று எல்லோரும் சொல்கிற பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு பற்றிப் பேசாமல் இந்தப் பதிவு முடியாது. பதினாறு வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்து "இவளுக்கு நீர்க்கட்டி, குழந்தை பிறக்குமா?" என்று அந்தப் பிள்ளை முன்னாலேயே கேட்கும்போது எனக்கு வருகிற கோபத்தை அடக்குவதே பெரும்பாடு. ஸ்கேனில் தெரிகிறவை கட்டிகளே அல்ல. வளர்ச்சி பாதியில் நின்ற சின்னச் சின்ன முட்டைப் பைகள். வயதுக்கு வந்த புதிதில் பல பெண்களுக்குச் சினைப்பை அப்படித்தான் தெரியும். அதனால்தான் வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாதவர்களுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதல்களே சொல்கின்றன. பெரியவர்களுக்கும் 2003இலிருந்து மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு: மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம். மூன்றாவதுக்குப் பதிலாக ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனின் ரத்தப் பரிசோதனையையும் வைத்துக்கொள்ளலாம் என்று 2023இல் சேர்த்தார்கள். தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் இதற்கே வர வேண்டும். ஸ்கேன் மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லையென்றால் அது நோய் அல்ல.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. மூன்று மாதம், நான்கு மாதம் என்று மாதவிடாய் வராமலே தள்ளிப்போனால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாத்திரை கொடுத்தாவது மாதவிடாயை வரவழைக்க வேண்டும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஒல்லியாக இருக்கிறவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால் "எடையைக் குறை" என்ற ஒரே வசனத்தை எல்லோருக்கும் ஒப்பிப்பதில் அர்த்தமில்லை. கூடுதல் எடை இருந்தால் ஐந்து பத்து சதவீதம் குறைந்தாலே சிலருக்குச் சுழற்சி திரும்பிவிடும், அது வேறு விஷயம். குழந்தை? பெரும்பாலானவர்களுக்குப் பிறக்கும். கொஞ்சம் உதவி தேவைப்பட்டால் முட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையில் தொடங்குவோம். அந்தப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்குத் தேவைப்படுவது முகப்பருவுக்கும் ஒழுங்கற்ற மாதவிடாய்க்கும் மருந்து, நாலு நல்ல வார்த்தை.

வலிக்கு வருகிறேன். மாதவிடாய் வலி பலருக்கும் இருப்பதுதான், உண்மை. கர்ப்பப்பைச் சவ்வு சுரக்கிற புரோஸ்டாகிளான்டின் தசையை இறுக்குகிறது, வலிக்கிறது. மெஃபனாமிக் ஆசிடோ ஐபுப்ரோஃபெனோ வலி தொடங்கும்போதே போட்டால் பெரும்பாலும் அடங்கும். வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டுவிட்டு மாத்திரை வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறைய. (வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா இருப்பவர்கள் கேட்காமல் போட வேண்டாம்.) முறையாகப் போட்டும் அடங்கவில்லை, வருடத்துக்கு வருடம் கூடுகிறது, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலிக்கிறது, உடலுறவில் ஆழத்தில் வலிக்கிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் என்ற சந்தேகம் வந்தாக வேண்டும். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதுதான் அது. உலகில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்டுபிடிக்கவே நான்கிலிருந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. சாதாரண ஸ்கேனில் சாக்லேட் சிஸ்ட் (இந்த நோயால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) தெரியலாம். வயிற்றின் உட்சவ்வு மேல் படர்ந்திருப்பது பெரும்பாலும் தெரியாது. அதாவது ஸ்கேன் நார்மல் என்பதால் வலி பொய் ஆகிவிடாது. லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு, கண்ணால் பார்த்தால்தான் மருந்து என்ற பழைய நிலையும் மாறிவிட்டது. அறிகுறியை வைத்தே ஹார்மோன் சிகிச்சை தொடங்கலாம் என்று 2022இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் ஏற்றுக்கொள்கிறது. "கல்யாணம் ஆனா சரியாயிடும்", "குழந்தை பிறந்தா போயிடும்" எல்லாம் சிகிச்சை அல்ல.

வெள்ளைப்படுதலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடை, அரிப்பு, எரிச்சல் எதுவும் இல்லாமல் சுழற்சிக்கேற்ப மாறுவது இயல்பு. திரிதிரியாக வந்து அரித்தால் பூஞ்சை, மீன் வாடை அடித்தால் பாக்டீரியா, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. உடலுறவில் பரவும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி என்றால் துணைக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. யோனிக்குள் சோப்போ, வாசனைத் திரவமோ விட்டுக் கழுவாதீர்கள். அங்கே காவலுக்கு இருக்கிற நல்ல பாக்டீரியாவைத் துரத்திவிட்டு மறுபடி என்னிடம்தான் வருவீர்கள்.

இவ்வளவு நேரம் தொந்தரவு இல்லையென்றால் பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு, இப்போது நேர்மாறாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் தொந்தரவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. இதற்குக் காரணம் உடலுறவில் பரவும் ஹெச்பிவி வைரஸ். அதைக் காட்டியதற்காக ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தொற்று பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகப் போய்விடும். போகாமல் தங்குவதுதான் ஆபத்து. ஆனால் தங்கியது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பல வருடங்கள் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் ஒரு சின்ன சிகிச்சையோடு போய்விடும். முப்பது வயதிலிருந்து ஹெச்பிவி பரிசோதனை, ஐந்திலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம், கூச்சம் ஒரு சாக்கு அல்ல. பாசிட்டிவ் என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமும் அல்ல, யாருடைய ஒழுக்கத்துக்கும் அது சான்றிதழும் அல்ல. ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

தள்ளிப்போடக் கூடாத இன்னொன்று, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து வரும் ரத்தம். ஒரே ஒரு சொட்டாக இருந்தாலும் சரி. பெரும்பாலும் சவ்வு உலர்ந்ததால்தான் இருக்கும். ஆனால் இப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது, ஆரம்பத்திலேயே பிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடியது. "மறுபடி இளமை திரும்புது போல" என்று சிரித்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் அழுகை வருகிறது.

எங்கள் துறையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். உள்பரிசோதனைக்கு யோனியை விரித்துப் பார்க்கும் நவீன ஸ்பெகுலம் கருவிக்கும், சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே விழும் ஓட்டையை (பிஸ்டுலா) அடைக்கும் அறுவைக்கும் பெயர்பெற்ற மருத்துவர் மரியன் சிம்ஸ், 1840களில் அமெரிக்காவில் அனார்கா, பெட்ஸி, லூசி என்ற அடிமைப் பெண்கள் மேல் மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகியவர். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து அவர் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். பெண் பொறுத்துக்கொள்வாள் என்ற அந்த நினைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. காயில் வைக்கும்போது சிலருக்குக் கடுமையாக வலிக்கும், அதற்கு மரத்துப்போகும் மருந்து உண்டு. உள்பரிசோதனையின் நடுவே "நிறுத்துங்க" என்றால் நிறுத்தியாக வேண்டும். கூட ஒரு பெண் ஊழியர் இருக்கட்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக, கிளம்பும்போது கதவருகே நின்று சொல்கிற விஷயம். அரைமணி நேரம் ரிப்போர்ட்டைப் பேசிவிட்டு, எழுந்து போய், கதவைத் திறக்கும்போதுதான் "டாக்டர், இருமினா லேசா யூரின் வருது, வயசாச்சுல்ல?" என்பார்கள். அல்லது கீழே ஏதோ இறங்கின மாதிரி இருக்கிறது என்பார்கள், உடலுறவு எரிகிறது என்பார்கள். உட்காருங்கள் என்பேன். சிறுநீர்க் கசிவுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை முறையாகக் கற்று, தினம் மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையாவது இறுக்கித் தளர்த்தி, மூன்று மாதமாவது செய்தால் நிறையப் பேருக்குக் குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் எரிச்சலுக்கு யோனியில் தடவுகிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. கர்ப்பப்பை இறக்கத்துக்கு உள்ளே பொருத்தும் சிலிக்கான் வளையம் இருக்கிறது. அளவு சரியாக அமைந்துவிட்டால், அவ்வப்போது கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு ஆபரேஷன் இல்லாமலே வருடக்கணக்கில் நன்றாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.