எத்தனை குதிரை, எத்தனை நிமிஷம்?

போன டிசம்பரில் ஒரு தம்பி வாட்ஸப்பில் டைனோ ஷீட் அனுப்பினார், காரை உருளை மேல் ஓடவிட்டு இன்ஜின் சக்தியை அளந்த தாள். ஷோரூமிலிருந்து வரும்போது 190 குதிரைசக்தி இருந்த ரெண்டு லிட்டர் டர்போ கார். ஷீட்டில் 412 என்று போட்டிருந்தது. ஏப்ரலில் அதே இன்ஜின் ஒரு சின்ன யானை வண்டியில், தார்ப்பாய் போர்த்தி, கொழிஞ்சாம்பாறையில் என் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து இறங்கியது.

நான் இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து, ஹோனிங் செய்து இழைத்துத் தருகிற போரிங் வேலை செய்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. முன்பெல்லாம் லாரியும் டிராக்டரும்தான் வரும். இப்போது சக்தி கூட்ட ட்யூனிங் செய்த கார்களும் வருகின்றன. மாநில எல்லையான வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர், இந்தப் பக்கம் சித்தூர், பாலக்காடு. அங்கிருந்து வரும் பையன் “எவ்ளோ எச்.பி. எடுக்கலாங்ணா?” என்கிறான். இங்கிருந்து வருபவன் “எத்ர எச்.பி. கிட்டும் சேட்டா?” என்கிறான். எத்தனை நேரத்துக்குக் கிடைக்கும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

அந்த இன்ஜினைப் பிரித்த கதையைச் சொல்கிறேன். முதலில் ஸ்பார்க் பிளக். மூணாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுநடுவே வெள்ளி மாதிரி மின்னும் துளிகள். அந்த மின்னல் அலுமினியம், அதாவது பிஸ்டனே உருகித் தெறித்து ஒட்டியிருக்கிறது. ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்தேன். தலை ஓரமெல்லாம் சொரசொரவென்று மணல் அரித்த மாதிரி. முதல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவே ஒரு வரப்பு உண்டு, ரிங் லேண்ட் என்போம். அது கட்டைவிரல் நகம் அளவுக்குப் பேர்ந்து போயிருந்தது. பேர்ந்த துண்டு சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழ்வரை கோடு இழுத்திருந்தது. கனெக்டிங் ராடும் லேசாக வளைந்திருந்தது.

இதெல்லாம் நாக்கிங் செய்த வேலை. பிளக் பற்றவைத்த தீ ஒரு பக்கத்திலிருந்து பரவிக்கொண்டு வரும்போது, மறு கோடியில் இருக்கும் பெட்ரோல் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாக வெடித்துவிடுகிறது. பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்த மாதிரி. இதைக் கேட்டு அடக்குவதற்கென்றே கம்பெனிக்காரன் நாக் சென்சார் வைத்திருக்கிறான். சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டர் பற்றவைப்பைத் தாமதமாக்கிச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ட்யூன் செய்த இடத்தில் அந்தக் காதையே மந்தமாக்கி வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால்தான் ஷீட்டில் 412 வரும். யார் செய்தது என்று இங்கே எழுதமாட்டேன், அவரிடமே நேரில் சொல்லிவிட்டேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் தம்பி கடன் வாங்கிச் செய்த வேலை அது.

இப்போது அந்த 412-க்கு வருவோம். அது பொய் இல்லை. டிசம்பர் ராத்திரி, இருபது டிகிரி குளிரில், காருக்கு முன்னால் பெரிய ஃபேன் ஓட, டைனோ உருளை மேல் ஒரே ஒரு இழுப்பு. பத்துப் பன்னிரண்டு நொடி. அந்தப் பன்னிரண்டு நொடிக்கு அது 412 குதிரைதான். ஏப்ரலில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பகல் பதினொரு மணிக்கு ஓட்டினார். ஒரு சுற்று ரெண்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மூணாவது சுற்றில் பின்னால் நீலப்புகை. மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும்.

டர்போ செய்வது என்ன? புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனைச் சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. காற்றை அமுக்கினால் சுடும். சைக்கிளுக்குக் கைப்பம்பில் காற்றடித்தவர்களுக்கு இது தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பாலக்காட்டுக் கணவாயின் ஏப்ரல் காற்று 38 டிகிரி. அதை 1.7 பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றைவிட அவ்வளவு கூடுதல் அழுத்தம்), எழுபது சதவீதம் திறமையுள்ள டர்போவில் அமுக்கினால் 180 டிகிரியைத் தாண்டிவிடும். தோசைக்கல் சூடு. அமுக்கின காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் அதை இறக்கித் தரும். ஆனால் எத்தனை லட்சம் போட்டு வாங்கின காற்று இன்டர்கூலரும் வெளிக்காற்றின் சூட்டுக்குக் கீழே இறக்காது. முதல் சுற்றில் அலுமினியமே குளிர்ச்சியாக இருப்பதால் சமாளிக்கும். மூணாவது சுற்றில் அதுவே சூடேறிப்போகும். சூடான காற்று உள்ளே போனால் நாக்கிங் நெருங்கி வரும்.

பக்கத்து மேசையில் லாரி டர்போ ஒன்று கிடக்கிறது. பழைய லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தின உடனே சாவியைத் திருப்பமாட்டார்கள். ரெண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு, ஒரு பீடி பிடித்துவிட்டு அணைப்பார்கள். டர்போ தண்டு சுற்றுவது ஆயில் படலத்தின் மேல். சூட்டோடு அணைத்தால் நின்றுபோன ஆயில் அங்கேயே கரியாகும். பெட்ரோல் டர்போவில் புகையின் சூடு 900 டிகிரிக்கு மேல் போகும், டீசலைவிட அதிகம். ட்ராக்கிலிருந்து இறங்கியதும் கூலிங் சுற்று ஓட்டாமல் அணைக்கிற பையன்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

“அண்ணா, யூடியூப்பில் ஆயிரம் குதிரை எடுக்கறாங்களே?” என்று கேட்கிறார்கள். எடுக்கிறார்கள். ஆயிரம் குதிரைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 45 கிலோ காற்று வேண்டும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, பத்தடி உயரம் உள்ள அறை ஒன்றின் காற்று முழுவதும் ஒரே நிமிஷத்தில் உள்ளே போகிற மாதிரி. பெட்ரோல் நிமிஷத்துக்கு ஆறு லிட்டர். எரிகிற பெட்ரோலின் சூட்டில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்தான் சக்கரத்துக்கு வேலையாகப் போகும். மிச்சம் புகையிலும் ரேடியேட்டரிலும் போக வேண்டும். ஆயிரம் குதிரை என்றால் 746 கிலோவாட். கிட்டத்தட்ட அதே அளவு சூட்டை ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டும் என்று வையுங்கள், 370 இண்டக்‌ஷன் அடுப்பு முழு சூட்டில் எரிகிற மாதிரி. 2005-ல் வந்த 1001 குதிரை புகாட்டி வெய்ரானில் பத்து ரேடியேட்டர் வைத்தார்கள். நம் பையன்கள் வைப்பது ஒன்று, அதற்கு முன்னால் காற்றை மறைத்துக்கொண்டு ஒரு இன்டர்கூலர்.

டொயோட்டா சுப்ரா காரை உதாரணம் காட்டுவார்கள். அந்த 2ஜேஸெட் இன்ஜின் மேல் எனக்கும் பக்தி உண்டு. மூணு லிட்டர், நேர் ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், ஏழு மெயின் பேரிங். ஜப்பான் கம்பெனிகள் 280 குதிரைக்கு மேல் காட்டுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்த காலம் அது. தாங்கக்கூடியதைவிட எவ்வளவோ குறைத்துத்தான் விற்றார்கள். இன்று யாராவது சுப்ராவில் ஆயிரம் எடுத்தால், அதில் பாதி டொயோட்டா அன்று இரும்பில் போட்டுவைத்த சேமிப்பு. இன்றைய இன்ஜின்களில் அந்தச் சேமிப்பு கிடையாது. எடைக்கும் மைலேஜுக்கும் ஒவ்வொரு கிராமும் செதுக்கியாயிற்று. மெர்சிடஸ் ஏஎம்ஜி 2019-ல் ரெண்டு லிட்டரில் 421 குதிரை எடுத்து வாரண்டியோடு விற்றது. அதற்காக அவர்கள் பிளாக்கிலிருந்தே புதிதாக ஆரம்பித்தார்கள். சும்மா டர்போவை மட்டும் மாற்றவில்லை.

ஃபார்முலா ஒன்றைப் பாருங்கள். பிஎம்டபிள்யூவின் 1.5 லிட்டர், நாலே சிலிண்டர் இன்ஜின், 1986-ல் தகுதிச் சுற்றுக்கு 1,300 குதிரைக்கு மேல் கொடுத்தது என்பார்கள். தகுதிச் சுற்று இன்ஜின் சில சுற்றுக்கு மட்டுமே. மறுநாள் பந்தயத்துக்குப் பூஸ்டைக் குறைத்த வேறொரு இன்ஜின் ஏறும். உலகத்தின் தலைசிறந்த இன்ஜினியர்கள், வேண்டிய பணம், அவர்களுக்கென்றே கலந்த எரிபொருள். அவர்களுக்கே நிமிஷக் கணக்குதான் கிடைத்தது. 1987-ல் பூஸ்டை 4 பாருக்கும், 1988-ல் 2.5 பாருக்கும் கட்டிப்போட்டு, 1989-ல் டர்போவையே நிறுத்திவிட்டார்கள்.

“ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டா தாங்கும்ல?” என்று கேட்கிறார்கள், அடித்து உருவாக்கின பலமான பிஸ்டனை. தாங்கும். நானே போட்டுத் தருகிறேன். சிலிண்டர் விட்டம் 82.5 மில்லிமீட்டர், எரியும்போது உச்ச அழுத்தம் 100 பார் என்று வைத்தால், உள்ளங்கை அகலத்துப் பிஸ்டன் மேல் ஐந்தரை டன் விழுகிறது. நென்மாறா வேலாவில் நெற்றிப்பட்டம் கட்டி நிற்கிற கொம்பன் ஒருவனின் மொத்த எடை. நிமிஷத்துக்கு 7,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 58 தடவை. அதைத் தாங்கப் பலமான பிஸ்டன் போட்டால், அந்த உலோகம் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் சுவரோடு அதிக இடைவெளி விட வேண்டும். சாதாரணப் பிஸ்டனுக்கு 0.03 மில்லிமீட்டர் விடுகிற இடத்தில் 0.10 வரை விடுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று தட்டும். ஆயிலும் கொஞ்சம் குடிக்கும். ரிங்கும் சீக்கிரம் தேயும். இதைச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

பிஸ்டன் தாங்கினால் ராடு. ராடை மாற்றினால் ஹெட் கேஸ்கெட். அதற்கும் வழி செய்தால் கியர்பாக்ஸ். நம் ஊரில் நிறைய ஓடுகிற ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் பெட்டி 250 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசைக்கென்று செய்தது. அதன் தலையில் 400-ஐ ஏற்றிவிட்டு, “கியர்பாக்ஸ் மோசம்” என்று பேசுவது நியாயமே இல்லை.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள் என்றே வையுங்கள். கடைசியில் தரையில் படுவது ஒரு சக்கரத்துக்கு ஒரு கையளவு ரப்பர். 1,500 கிலோ கார், பின்சக்கர இழுவை, இழுக்கும்போது பின்பக்கம் 900 கிலோ இருக்கிறது, டயர் தன் மேல் உள்ள எடைக்குச் சமமாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தில் சுமார் 330 குதிரைதான் செல்லும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் டயர் புகை. நாலு சக்கரமும் இழுத்தாலும் 550-ஐ ஒட்டி நிற்கும். இந்தத் தம்பியின் கார் முன்சக்கர இழுவை. முடுக்கும்போது எடை பின்னால் சாய்கிற வண்டியில், முன்னால் 412.

வேகம் கூடுமே என்றால், காற்று அதையும் விடாது. வெய்ரான் 1001 குதிரையில் 408 கிலோமீட்டர் போனது. 2010-ல் 1200 குதிரை சூப்பர் ஸ்போர்ட் 431 போனது. ஒரு நல்ல காருக்கே போதுமான 200 குதிரையைச் சேர்த்து 23 கிலோமீட்டர்தான். வேகம் ரெண்டு மடங்கு ஆக வேண்டுமானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும்.

திருச்சூர் போகிற வழியில் குதிரான் பக்கம் ராத்திரியில் ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று. அங்கே குடும்பத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கம்பெனி அளவுகளை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான்.

நான் ட்யூனிங்குக்கு எதிரி இல்லை. நல்ல இன்ஜின் ஒன்று சுத்தமாக மேலேறுகிற சத்தத்துக்கு இன்றும் கை வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பவன். அதனால்தான் கேட்கிறேன். டைனோ வைத்திருக்கிற அண்ணன்மார்களே, ஷீட்டில் குதிரைக்குப் பக்கத்தில் இன்னும் நாலு விஷயம் அச்சடியுங்கள். உள்ளே போன காற்றின் சூடு என்ன, எந்தப் பெட்ரோல், கரெக்‌ஷன் ஃபேக்டர் (அன்றைய காற்றின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்துகிற பெருக்கல்) எவ்வளவு, நாக் சென்சாரைத் தொட்டீர்களா இல்லையா. ஒரு இழுப்புக்குப் பதில் விடாமல் ஐந்து இழுப்பு இழுத்து, ஐந்தாவதில் வந்த எண்ணைக் கொடுங்கள். வாடிக்கையாளர் கோபப்படுவார். படட்டும்.

என் பங்குக்கு நான் பில்லில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். பிஸ்டன் இடைவெளி எவ்வளவு விட்டேன், ரிங் கேப் (ரிங்கின் ரெண்டு முனைக்கும் நடுவே விடுகிற இடைவெளி) எவ்வளவு, எப்போது மறுபடி திறந்து பார்க்க வேண்டும். அந்தத் தம்பியிடம் ரெண்டு கணக்கு எழுதிக் கொடுத்தேன். 412-க்கு: ஒவ்வொரு ட்ராக் நாளுக்குப் பிறகும் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது), வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஜின் பிரிப்பு. 290-க்கு: சின்ன டர்போ, நாக் சென்சார் பழையபடி, ஆயில் மட்டும் வழக்கமான கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்று. பெஞ்ச் மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் படித்தார். பேர்ந்த பிஸ்டனைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“290-ல ட்ராக்குல இருபது நிமிஷ செஷன் முழுசும் ஓட்டலாங்களாண்ணா?”

ஓட்டலாம் என்றேன். சரி போட்டுருங்க என்று சொல்லிவிட்டு, பிஸ்டனை மேசையில் வைக்காமல் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பிளாக் இப்போது மெஷினில் ஏறியிருக்கிறது. வியாழக்கிழமை ஹோனிங்.