நாமே தேர்ந்தெடுத்த சிலுவை

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து வந்துவிட்டால் கடலூரில் மீன் சாப்பிடாமல் இருப்பது சாதாரணக் காரியம் இல்லை. துறைமுகத்தில் சங்கராவும் வஞ்சிரமும் வந்து இறங்கும் ஊரில், நாற்பது நாளும் சாம்பாரிலேயே ஓட்டுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்திக்கொண்டு, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற கத்தோலிக்கச் சகோதரர்கள் மேலும்தான். தார் ரோட்டில் கால் வெந்துபோகும். கேலி செய்ய மனம் வராது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இவையெல்லாம் நாமே பார்த்துக் கொடுப்பவை. எதை விடுவது, எத்தனை நாள் விடுவது, ஈஸ்டர் அன்று எத்தனை கிலோ கறி எடுப்பது, எல்லாம் நம் கையில். கீழ்ப்படிதலில் கேட்கிறவர் இன்னொருவர், அதாவது கடவுள். நாம் எடுத்து நீட்டுவதை அவர் பார்ப்பதே இல்லை. முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பதைத்தான் கேட்கிறார். இயேசுவிடம் வந்த அந்தப் பணக்காரன் சிறு வயதிலிருந்தே கடவுளின் கட்டளைகளையெல்லாம் கைக்கொண்டவன். அவனிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு விஷயம்: உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு. துக்கத்தோடு போய்விட்டான்.

சவுல் கதையும் இதுதான். அமலேக்கியரையும் அவர்கள் ஆடுமாடுகளையும் அடியோடு அழிக்க வேண்டும் என்பது ராஜாவான அவனுக்குக் கர்த்தர் கொடுத்த கட்டளை. ஆடுமாடுகளில் நல்லதாகப் பார்த்து மிச்சம் வைத்துவிட்டு, கேட்டால் 'கர்த்தருக்குப் பலியிடத்தான்' என்கிறான். (அந்தக் கட்டளையே எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அதை வேறொரு நாள் பேசலாம்.) பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று தீர்க்கதரிசி சாமுவேல் சொன்னது அங்கேதான். நம் ஆலயங்களில் இந்த வசனத்தை எதற்கு எடுக்கிறார்கள்? போதகர் பேச்சைத் தட்டாதே, கமிட்டியிடம் கணக்குக் கேட்காதே என்பதற்கு. சாமுவேல் அதைச் சொன்னது ராஜாவைப் பார்த்து. அதிகாரத்தில் இருந்தவனுக்கு விழுந்த அடியை எடுத்துக் கடைசி பெஞ்சில் இருப்பவன் தலையில் போடுகிறோம்.

சரி, நம்மிடம் கேட்கப்பட்டது எது? என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்துச் சபைகளிடம் முந்நூறு வருஷமாகக் கேட்கப்படுவது ஒன்றுதான்: சாதி. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். தசமபாகம் கொடுத்தோம், உபவாசம் இருந்தோம், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தோம், மின்விசிறி இறக்கையில் குடும்பப் பெயரை எழுதிக் காணிக்கையாக மாட்டினோம். பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது மட்டும் 'நம்ம ஆளுங்களா?' என்ற கேள்வி முதலில் வந்துவிடுகிறது. இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஊழிய வாஞ்சையுள்ள மணமகன் தேவை என்று ஒரு பட்டியல். அதற்குக் கீழே பொடி எழுத்தில் சாதிப் பிரிவு. மூன்று ஞாயிறு ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலையை வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்கிறார்கள். யாரும் எழுந்திருப்பதில்லை. ஆட்சேபனைக்குரியதெல்லாம் தரகர் மட்டத்திலேயே கழிந்துவிட்டிருக்கும்.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1745-இல் புதுச்சேரியில் சம்பா கோயில் என்ற கத்தோலிக்க ஆலயத்துக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. (இப்போதைய கட்டடம் பின்னால் எழும்பியது, அதற்கு முன்பிருந்ததைச் சொல்கிறேன்.) பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், சாதிக் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம். முறையீடு வந்து சாமியார்கள் சுவரை எடுத்தபோது நடந்த ரகளையை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். முடிவில் சுவருக்குப் பதிலாக நாற்காலியும் பெஞ்சும் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். அந்த பெஞ்சுகளை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். இடித்ததாகவும் ஆயிற்று, பிரித்ததாகவும் ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கதை இருக்கிறது, அதிகம் பேர் சொல்வதில்லை. கார்ல் ஓக்ஸ் என்ற லுத்தரன் மிஷனரி ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்தவர். சாதி என்பது சமூக வழக்கம், சபைக்குள் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அந்த மிஷனின் நிலை. அவரால் அதை ஏற்க முடியவில்லை. மிஷனை விட்டு வெளியே வந்தார். 1860களில் நெல்லிக்குப்பம் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் புதிதாக ஆரம்பித்தார், டேனிஷ் மிஷன் கைகொடுத்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அங்கேதான். ஒரு சபை சாதியை மறுத்ததாலேயே பிறந்தது என்றால் அதன் பிள்ளைகள் வரன் தேடும் விதத்தில் கொஞ்சமாவது அது தெரிய வேண்டாமா? வெள்ளைக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குள்ளும் மேட்டிமை இருந்தது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் கையில் இருந்த பதவியை விட்டார், நாம் வரன் பட்டியலில் ஒரு வரியை விட மாட்டேன் என்கிறோம்.

உண்மையாகவே விலை கொடுப்பவர்கள் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களை. கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதி திராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். அதனால் தாலுகா ஆபீஸ் படிவத்தில் 'கிறிஸ்தவர்' என்று எழுதும் ஒரு தகப்பனுக்கு, பிள்ளையின் கல்லூரி சீட்டும் வேலையும் எந்த வரிசைக்குப் போகும் என்பது தெரியும். தெரிந்தே எழுதுகிறார். எழுதாமல் விடுகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சர்டிஃபிகேட்டில் ஒரு பெயர் என்று அவர்களைத் தள்ளியது சட்டம். ஆனால் பரம்பரைச் சொத்தோடும் சாதிப் பெயரோடும் சௌகரியமாக இருந்துகொண்டு இவர்களைப் பார்த்து 'அரைகுறை விசுவாசி' என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

தன்னை வெறுத்துச் சிலுவை சுமப்பது பற்றிப் பேச ஒவ்வொரு வருஷமும் கன்வென்ஷன் என்ற பிரசங்கக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஆளைக் கூப்பிடுகிறோம். போக வர ஏசி கார், தங்க லாட்ஜ், மேடையில் சால்வை. இந்த வருஷம் அந்தப் படிவத்தை அப்படியே நிரப்பிய ஒரு தகப்பனை மேடையேற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லலாம். எங்கள் கமிட்டியில் இதைக் கேட்டிருக்கிறேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.