நான்கு கதவு இம்பாலாவுக்காக ஒரு வாதம்

அறுபதுகளின் அமெரிக்கக் கார்கள் என்று பேச்செடுத்தால் பெரும்பாலோர் மஸ்டாங்கில் தொடங்கி ஜிடிஓ, கார்வெட் என்று போய் நின்றுவிடுகிறார்கள். அவை நல்ல கார்கள்தாம். குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டில் பிள்ளைகுட்டிகள் உள்ள ஓர் அமெரிக்கக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும், கோடை விடுமுறையில் மாநிலங்கள் பல தாண்டிப் பாட்டி வீட்டுக்கும் போனது அவற்றில் அல்ல. செவர்லே இம்பாலா, ஃபோர்டு கேலக்ஸி, பிளிமத் ஃப்யூரி, பான்டியாக் கேட்டலினா என்று அங்கே ‘ஃபுல் சைஸ்’ எனப்பட்ட பெரிய கார்களில்தான் போனது. அவற்றிலும் நான்கு கதவு செடான்களும் ஸ்டேஷன் வேகன்களும்தாம் அந்தக் காலத்தை உள்ளபடி சொல்லும் சாட்சிகள் என்பதும், அவற்றைத்தான் நாம் கவனிக்காமல் அழியவிட்டோம் என்பதும் மிச்சிகனில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பழைய கார்க் கண்காட்சிகளில் சலிக்காமல் சுற்றிய எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து.

நம்மூரில் வளர்ந்த என் தலைமுறைக்கு இம்பாலா என்றால் தூதரகத்துக் கார், நடிகர் கார், பெரும் பணக்காரர் கார். இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் சேர்ந்து அதை அப்படி ஆக்கியிருந்தன. தெருவில் அது வந்தால், படகு மாதிரி வருகிறது பார் என்று ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். மிச்சிகனுக்கு வந்த பிறகுதான், பிறந்த நாட்டில் அது குழாய் ரிப்பேர் செய்பவரும் பள்ளி ஆசிரியரும் மாதத் தவணையில் வாங்கிய கார் என்று தெரிந்தது. 1965 இம்பாலாவின் நீளம் 213 அங்குலம், அதாவது 5.4 மீட்டர், அகலம் ஏறக்குறைய 2 மீட்டர், எடை 1,600 கிலோவுக்கு மேல். இத்தனையும் கூடுதல் வசதிகள் எதுவும் சேர்க்காத நிலையில் 3,000 டாலருக்குள் கிடைத்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் விற்ற இம்பாலாக்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது.

இவ்வளவு பெரிய காரை இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் சுவையான பகுதி. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களை ஏணிப்படிபோல அடுக்கி வைத்திருந்தது: கீழே செவர்லே, மேலே பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், உச்சியில் காடிலாக். சம்பளம் உயர உயர வாடிக்கையாளர் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் என்பது 1920-களிலேயே அதன் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வகுத்த திட்டம். ஆனால் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக உடற்கூடு செய்தால் கட்டுப்படியாகாது என்பதால், அறுபதுகளில் இம்பாலா, கேட்டலினா, ஓல்ட்ஸ்மொபீல் 88, பியூக் லெசேபர் ஆகிய எல்லாம் ‘பி-பாடி’ என்ற ஒரே அடிப்படைக் கூட்டின்மேல் கட்டப்பட்டன. வெளித்தகடும் குரோம் பட்டையும் இருக்கைத் துணியும் மாறினவே தவிர, உள்ளே கால் நீட்டும் இடமும் தோள் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். லெசேபர் வாங்கிய மருத்துவருக்குக் கிடைத்த விசாலம் செவர்லேயின் மிகக் குறைந்த விலை மாடலான பிஸ்கேன் வாங்கிய தபால்காரருக்கும் கிடைத்தது.

1965-ல் இந்த ஏணியே ஆட்டம் கண்டது. ஃபோர்டு தன் கேலக்ஸி வரிசையின் உச்சியில் எல்டிடி என்ற மாடலைக் கொண்டுவந்து, ஓடும்போது ரோல்ஸ் ராய்ஸைவிட அமைதியான கார் என்று அளவெடுத்த கணக்கோடு விளம்பரம் செய்தது. செவர்லே அதற்குப் பதிலாக அதே ஆண்டு கேப்ரிஸைக் கொண்டுவந்தது. கீழ்ப்படியில் இருந்த பெயரே மேல்படி வசதிகளைத் தரத் தொடங்கிவிட்டால், நடுவில் நிற்கும் பான்டியாக்குக்கும் ஓல்ட்ஸ்மொபீலுக்கும் என்ன வேலை? பல பத்தாண்டுகள் கழித்து அந்த இரண்டு பெயர்களும் மறைந்துபோனதற்கான வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், கார்த் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், 1965 இம்பாலா நான்கு கதவு செடான் ஒன்றை வைத்திருந்தார். என்னை ஓட்டவும் அனுமதித்தார். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் கிளப்ப ஒரு முறை இருக்கிறது. சாவியைத் திருப்புவதற்கு முன் ஆக்சிலரேட்டரை ஒரேயொரு முறை தரைவரை அழுத்தி விட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தடுப்பான சோக் மூடிக்கொள்ளும். அவசரப்பட்டு மூன்று நான்கு முறை மிதித்தால் பெட்ரோல் நிரம்பி எஞ்சின் முரண்டு பிடிக்கும். கிளம்பிய பிறகு 283 கன அங்குல வி-8 எஞ்சின், அதாவது 4.6 லிட்டர், முதலில் சற்று வேகமாக இரைந்துவிட்டு, சூடேறியதும் நாம் காலால் லேசாகத் தட்டினால் அடங்கிப்போகும். கியர் நெம்புகோல் ஸ்டீயரிங்கின் பக்கத்தில்தான். பவர்கிளைடு என்ற தானியங்கி கியர்பெட்டியில் முன்னோக்கிப் போக இருப்பவை இரண்டே கியர்கள். எட்டு சிலிண்டரின் இழுவிசைக்கு அவையே போதுமாக இருந்தன. முகப்பு விளக்கைத் தாழ்த்தவும் உயர்த்தவும் உள்ள பொத்தான் தரையில், இடதுகால் படும் இடத்தில் இருக்கும். கிளட்ச் இல்லாத காரில் இடதுகாலுக்கும் ஒரு வேலை வேண்டுமே!

முன்னிருக்கை கதவிலிருந்து கதவுவரை ஒரே நீளப் பலகை. மூவர் இடித்துக்கொள்ளாமல் உட்காரலாம். முன் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் முக்கோண வடிவில் ஒரு குட்டிச் சன்னல் உண்டு. ஏசி இல்லாத காரில் அதை வெளிநோக்கித் திருகிவிட்டால் காற்று நேராக மடியில் வந்து விழும். பார்வையை மறைக்கிறது, காற்றில் இரைகிறது என்று 1969-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களிலிருந்து அதை எடுத்துவிட்டது. நான் அந்த முடிவை இன்றுவரை மன்னிக்கவில்லை. பவர் ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் சுற்றலாம். ஆனால் சக்கரங்கள் சாலையோடு என்ன பேசிக்கொள்கின்றன என்பது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங்குகள் இருப்பதால், பனிக்காலம் முடிந்து குண்டும் குழியுமாகக் கிடக்கும் மிச்சிகன் சாலையில்கூட அது மிதந்துதான் போகும். இந்த மிதப்பைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. 1956-ல் சட்டமாகி அறுபதுகளில் வேகமாக நீண்டுகொண்டிருந்த மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில், வளைவே இல்லாத நேர்கோட்டில் நாள் முழுக்க ஓட்டவேண்டியவர்களுக்காகச் செய்யப்பட்ட கார் அது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தோற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959 காடிலாக்கின் வால்சிறகுகளைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அவற்றைவிட, அந்தச் சிறகுகள் ஆண்டுக்கு ஆண்டு குட்டையாகி 1964-க்குப் பிறகு ஒரேயடியாக ஒழிந்துபோன வரலாறே பிடித்திருக்கிறது. ஹார்லி ஏர்ல் 1958-ல் ஓய்வுபெற்று பில் மிட்செல் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவரானதும் குரோம் குறைந்தது, தகட்டின் மடிப்பு கூர்மையானது. ஃபோர்டு நிறுவனத்தில் எல்வுட் ஏங்கல் தண்டர்பேர்டுக்காக உருவாக்கிய ஒரு மாதிரியைப் பார்த்த ராபர்ட் மெக்னமாரா, அதை நீட்டி நான்கு கதவு லிங்கனாக மாற்றச் சொன்னார். பின்னாளில் கென்னடியின் பாதுகாப்பு அமைச்சரானவர் இவரேதான். அப்படிப் பிறந்த 1961 லிங்கன் கான்டினென்டல் முந்தைய ஆண்டு லிங்கனைவிட ஏறக்குறைய 15 அங்குலம் குட்டை. ஆடம்பரக் காரைச் சிறிதாக்கி, பக்கவாட்டில் ஓர் அலங்காரமும் இல்லாமல் வழவழவென்று விட்டு, பின்கதவுகளைப் பின்புறக் கீலில் மாட்டி, மக்களையும் மயக்கிக் காட்டினார்கள். பெரிய கார் என்றால் ரசனையற்றது என்று சொல்பவர்கள் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வரலாம். கென்னடி டாலஸில் சுடப்பட்டபோது இருந்த கார் அங்கே நிற்கிறது. இந்த 1961 மாடலை நீட்டிக் கட்டியதுதான் அது.

சிறிதாக்குவது எல்லோருக்கும் கைகொடுக்கவில்லை. போட்டிக்காரர் செவர்லேயைச் சுருக்கப்போகிறார் என்று காதில் விழுந்த பேச்சை நம்பி, கிரைஸ்லர் நிறுவனம் 1962-க்கான டாட்ஜையும் பிளிமத்தையும் அவசரமாகச் சுருக்கியது. செவர்லே சுருங்கவில்லை. ஷோரூமில் இவை இரண்டும் மெலிந்து நிற்க, விற்பனை சரிந்தது. டீலர்கள் போட்ட கூச்சலில் கிரைஸ்லரின் பெரிய உடலில் டாட்ஜ் முகத்தைப் பொருத்தி ‘880’ என்ற காரை ஆண்டின் நடுவிலேயே இறக்க வேண்டியதாயிற்று. பிளிமத் மறுபடி முழு அளவுக்குத் திரும்பியது 1965-ல்.

இனி, இந்தக் கார்களை நேசிப்பவர்கள் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். ‘அந்தக் காலத்துக் கனமான இரும்பு, மோதினால் நமக்கு ஒன்றும் ஆகாது’ என்று ஒவ்வொரு கண்காட்சியிலும் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். இது அப்பட்டமான பொய். 2009-ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் ஒரு 1959 செவர்லே பெல் ஏர் செடானையும் ஒரு 2009 செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. மாலிபுவில் இருந்த பொம்மை காலில் ஏற்படக்கூடிய காயத்தோடு தப்பியது. பெல் ஏரின் ஓட்டுநர் அறை நொறுங்கிப்போய், உள்ளே ஆளிருந்தால் பிழைத்திருக்க வழியில்லை என்று தெரிந்தது. செவர்லேயின் பெரிய கார்கள் 1958 முதல் 1964 வரை ‘எக்ஸ்’ வடிவச் சட்டகத்தின்மேல் நின்றன. பக்கவாட்டில் மோதினால் தாங்குவதற்கு அதில் கனத்த இரும்பு இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். மலைச் சரிவில் இரண்டு மூன்று முறை அழுத்தமாகப் பிடித்தால் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். பிரேக் திரவம் ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனியாகத் திரவம் போகும் இரட்டை அமைப்பு பரவலாக வந்தது 1967 மாடல்களில்தான். மோதினால் மடங்கிக்கொடுக்கும் ஸ்டீயரிங் தண்டும் ஏறக்குறைய அப்போதுதான். 1965 இறுதியில் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் கார்த் தொழிலைக் கூண்டில் ஏற்றிப் புத்தகம் எழுதியதும், 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் இல்லாதிருந்தால் இவையெல்லாம் இன்னும் தாமதமாகியிருக்கும். பெட்ரோல் கணக்கும் நல்லதில்லை: லிட்டருக்கு ஐந்து ஆறு கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. கேலன் 30 சென்ட் அளவில் விற்றதால் யாரும் கவலைப்படவில்லை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் எல்லோரும் ஒரே நாளில் கவலைப்பட்டார்கள்.

இத்தனை குறையோடும் நான் அந்த நான்கு கதவுச் செடானுக்காக வாதாடுவதற்குக் காரணம், அது தன்னை வாங்கியவரைத் தாழ்வாக நடத்தவில்லை என்பதே. எளியவருக்கான கார் என்றால் ஒடுங்கி உட்கார வேண்டும், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நம் நாட்டிலும் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான, மிச்சிகனின் டெட்ராய்ட் அதை ஏற்கவில்லை. அங்கே அசெம்பிளி வரிசையில் போல்ட்டு முடுக்கியவரும் தான் முடுக்கிய காரையே வாங்கி, மனைவி மக்களோடு கால் நீட்டி உட்கார்ந்து ஊருக்குப் போனார்.

அந்தக் கார்களில் மிஞ்சியவை எவை என்று பாருங்கள். பக்கச் சன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத இரண்டு கதவு ஹார்ட்டாப்பும் திறந்த கூரைக் காரும் சேகரிப்பாளர் கைக்குப் போய் மெருகேறி நிற்கின்றன. 1965-ல் ஹார்ட்டாப்புகளும் ஏராளமாக விற்றவைதாம், மறுக்கவில்லை. செடான்களோ இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, மிச்சிகனில் பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பில் தரைத்தகடு அரித்து, கடைசியில் ஹார்ட்டாப்புக்கு உதிரிபாகம் கொடுத்துவிட்டு இரும்புக்கடைக்குப் போயின. ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் பகுதியின் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலம்போல ஓடும் நாளில் நின்று பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியும். வட்டமான ஆறு பின்விளக்குகள் கொண்ட இம்பாலாக்கள் வரிசையாகப் போகும். பக்கத்துக்கு இரண்டு விளக்கு மட்டும் உள்ள பெல் ஏர், பிஸ்கேன் செடான் ஒன்று வந்தால் நான் தெருவோரத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவேன்.

வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. அதே ஆண்டு, அதே எஞ்சின், அதே நிலையில் உள்ள நான்கு கதவு கார் இரண்டு கதவுக் காரைவிட வெகுவாக மலிவு. வெளிப்பூச்சைப் பார்த்து மயங்காமல், கம்பளத்தைத் தூக்கித் தரையையும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும், பின்சக்கரத்துக்கு மேல் தகடு வளையும் இடத்தையும் விரலால் தட்டிப் பாருங்கள். செவர்லே என்றால் புதிய சட்டகம் வந்த 1965 மாடலோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்கட்டும். பிரேக்குக்கு இரட்டை மாஸ்டர் சிலிண்டரும், எல்லா இருக்கைக்கும் சீட் பெல்ட்டும் முதல் வாரமே போட்டுவிடுங்கள். அசல் தன்மை கெட்டுவிட்டது என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டு கராஜை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 5.4 மீட்டர் கார் உள்ளே போனாலும், கதவை இறக்க இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.