கையால் இழுப்பதல்ல வால்ட்ஸ்

வால்ட்ஸ் என்பது மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் ஜோடியாக ஆடும் ஐரோப்பிய நடனம். "வால்ட்ஸில் ஆண், பெண்ணைக் கையால் இழுத்துத் திருப்ப வேண்டும்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. புதிதாகப் பழகும் தம்பதிக்குத் தோள்வலிதான் மிஞ்சும். வழிநடத்துபவரின் வலது கை துணையின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் படிந்திருக்கும், அவ்வளவே. திசையைச் சொல்வது உடல் எடையின் நகர்வு.

முத்தியால்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் சதுரம் வரைந்து நானும் மனைவியும் பழகினோம். என் இடது கால் முன்னே, அவள் வலது கால் பின்னே. பிறகு பக்கவாட்டில் ஓர் அடி, கால் சேர்ப்பு. நான் இழுத்தபோதெல்லாம் அவள் குதிகால் கோட்டைத் தாண்டியது; மார்பை நிமிர்த்தி எடையை மாற்றியதும் தானாகவே உள்ளே நின்றது.

"வேகமாகச் சுழல வேண்டும்" என்று அவர் சொல்வதும் பொருந்தாது. மெதுவான வால்ட்ஸில் 'ஒன்று-இரண்டு-மூன்று' என்ற எண்ணிக்கை நிமிடத்துக்குச் சுமார் 30 முறைதான் வரும். 60ஐ நெருங்குவது வியன்னா வால்ட்ஸ் என்னும் வேகமான வகை.