எழுந்திருக்க முடியாததுதான் நோய்

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி மண்டபத்தில் அந்தப் பேச்சாளர் பேசியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், எல்லா வாட்சப் குழுவிலும் அதுதான் சுற்றுகிறது. பெயர் வேண்டாம். "வீட்டுல சும்மா உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் டிப்ரஷன் வருது. எழுந்து நாலு வேலை பாருங்க, தானா ஓடிடும்" என்றார். மண்டபமே கைதட்டியது. அவர் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன், அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

எழுந்து நாலு வேலை பார்க்க முடியாமல் போவதுதான் ஐயா அந்த நோயே. அது முடிகிறவருக்கு உங்கள் அறிவுரை எதற்கு?

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டபோது என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டார். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் நான் தனியாள். சும்மாவா இருந்தேன்? சென்னை கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு பார்க்கும் வேலை, விடிந்தால் லேப்டாப், படுக்கும்வரை லேப்டாப். மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு "ஓகே சார்" என்று தெளிவாகத்தான் பேசினேன், கணக்கில் ஒரு பிழை வரவில்லை. ஆனால் பல் தேய்க்க எழுந்திருக்க முடியவில்லை. கேட்டில் மாட்டிய பையில் பால் பாக்கெட் வெயிலில் கிடந்து மதியத்துக்குள் உப்பிப் போகும். கட்டிலில் இருந்து பார்த்தால் ஜன்னல் வழியே தெரியும். எடுக்கணும் என்று தெரியும். பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். இதைச் சோம்பல் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் அப்படிப் படுத்துப் பார்க்கட்டும். சோம்பேறிக்குப் படுத்திருப்பது சுகம். எனக்கு அழுகைகூட வராது.

பாண்டிச்சேரிக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம் என்றால் முள்ளோடையில் எல்லையை அடைத்திருந்தார்கள். நல்ல வேளை, அந்த மார்ச்சில்தான் போனில் வைத்தியம் பார்க்க மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்திருந்தது. போனில் டாக்டர் முதலில் கேட்டதே, "ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி இருக்கா? தூக்கம் எப்படி, பசிக்குதா?" என்றுதான். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுக்குள்ள பயனில்லைன்னு விட்டுடாதீங்க என்றும் சொன்னார். சோம்பேறி என்று அவர் சொல்லவில்லை.

அப்புறம் எதிர்வீட்டு அக்கா. அவங்களுக்கு என் நோய் பற்றி ஒன்றும் தெரியாது. மாடியில் வெள்ளை வேட்டியை விரித்துக் கூழ் வத்தல் பிழிந்துவிட்டு, "கண்ணு, உன் மாடியில நின்னு காக்கா வருதான்னு பாத்துக்கயேன், நான் கீழ போயிட்டு வந்துடறேன்" என்று குரல் கொடுப்பாங்க. மறுநாளும் அதே குரல். முதலில் போகவில்லை, அவங்க கோபப்படவும் இல்லை. ஒரு நாள் போனேன். நைட்டியோடு, தலை வாராமல். ஈர வத்தலின் ஓரம் வெயிலில் சுருண்டு மேலே எழும்புவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் நடந்தது.

"அப்ப நீயும் வேலை பார்த்துத்தானே தேறின, அவர் சொன்னதும் அதானே?" என்று ஒருத்தர் வருவார், தெரியும். இல்லை. மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல் முடிகிற அளவுக்குச் சின்னதாக ஒன்றில் தொடங்குவது மனநல மருத்துவத்திலேயே உள்ள வழிதான். ஆனால் அதைக் கூட இருந்து, செய்ய முடியாத நாளில் திட்டாமல், சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய வைப்பார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. மேடையில் இருந்தவர் என்னைக் குற்றம் சொன்னார். இந்த வித்தியாசம் புரியாதவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

"நம்ம தாத்தா பாட்டி காலத்துல இதெல்லாம் இருந்துதா?" இருந்தது. நாம் பார்க்கவில்லை. தாத்தா காலம்வரை போக வேண்டாம். 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததை இந்த மாவட்டத்தில் யார் மறப்பார்கள்? என் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் முந்திரி, ஒரே ராத்திரியில் போனது. அதற்கு முன் வாழ்நாளெல்லாம் விடிகாலையில் தோப்பில் நின்ற மனுஷன். அதற்கப்புறம் திண்ணையை விட்டு இறங்கவில்லை. சோறு வைத்தால் பிசைந்தபடியே இருப்பார், வாய்க்குப் போகாது. "ஆம்பள இப்படி இடிஞ்சி உக்காந்தா எப்படி" என்று எல்லோரும் சொன்னோம், டாக்டரிடம் கூட்டிப்போக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவருக்குமா சும்மா இருந்ததால் வந்தது என்பீர்கள்?

பணக்காரர் வியாதி என்பவர்களுக்கு இந்தத் திண்ணையே பதில்.

மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோம் என்ற பயம் நியாயமானது, எனக்கும் இருந்தது. இவை போதை தருகிற மாத்திரைகள் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக் கெடுதல் எல்லாம் வரலாம், அதனால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காசில்லாமல் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 இருக்கிறது, டெலி மனஸ். 2022 அக்டோபரில் இருந்து இயங்குகிறது, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். அந்த மேடையில் இந்த ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். அந்த வீடியோவை எங்கள் குடும்பக் குழுவில் போட்டது என் அண்ணன். கீழே "சிலருக்கு இது உறைக்கணும்" என்று ஒரு வரி. அண்ணா, அந்தச் சிலர் யார் என்று அம்மா, அண்ணி, சித்தி எல்லோருக்கும் தெரியும். ஃபெஞ்சல் புயலுக்கப்புறம் கடலூரில் வெள்ளம் வந்து மறுபடி வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது எனக்கு இது திரும்ப வந்ததும் உனக்குத் தெரியும். ஒரு போன் பண்ணவில்லை நீ. வீடியோ அனுப்ப மட்டும் நேரம் இருந்தது.

நேற்று ராத்திரி அம்மா கூப்பிட்டாங்க. "அந்த மாத்திரையை நிறுத்திடேன்டி, அவரே சொல்றாரு இல்ல, வேலை செஞ்சா போயிடும்னு." நிறுத்த மாட்டேன்மா, டாக்டர் சொல்லட்டும் என்றேன். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போகிறேன். அண்ணா, நீயும் வருகிறாய் என்றால் சொல்.