ரோஸ் ஹால் மாளிகையில் சூனியக்காரி வாழ்ந்தாளா?

ஜமைக்காவின் மான்டிகோ பே அருகிலுள்ள ரோஸ் ஹாலில், ஆனி பால்மர் என்ற சூனியக்காரி மூன்று கணவர்களைக் கொன்றாள், 1831-இல் அடிமைகள் அவளைத் தீர்த்துக்கட்டினார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையில்லை.

ஆனி 1820-இல் மணந்தது ஜான் ரோஸ் பால்மர் என்ற ஒரே ஒருவரைத்தான். அவர் 1827-இல் இறந்தார். ஆனி இறந்தது 1846-இல். அப்புறம் எப்படி 1831-இல் கொல்லப்பட்டிருப்பார்? நான்கு முறை மணந்தவர் முன்தலைமுறையின் ரோசா பால்மர். அவருக்கு ஊர்த் தேவாலயத்தில் பளிங்கு நினைவுச்சின்னமே இருக்கிறது. இருவர் கதையும் வாய்வழியில் கலந்துபோக, 1929-இல் வந்த ஒரு நாவல் அதை நிலைநிறுத்திவிட்டது.

வீடு மட்டும் நிஜம்: கல் அடித்தளம், சுண்ணாம்பு பூசிய மேல்தளம், 1770களின் கட்டுமானம். கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் சிந்திய வியர்வையில் எழுந்தது. பேய்க்கதையில் அவர்கள் காணாமல் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பின்னாளில் பாழடைந்து கிடந்ததை 1960களில் புதுப்பித்தார்கள்.